திறவுகோலைப் பெறுவார் யார்

பிடரியில் முளைத்து, தோளிரண்டிலும் கிளைவிட்டு, முதுகின் வழியே வேரோடி இடுப்பில் ஊன்றி நிற்கும் முள்மரம் ஒன்றைப் போன்ற நோவைச் சுமந்தவளாய், அவள் அம்மாலைப் பொழுதில் தன் வீட்டுச் சுவருக்கு நீர் வார்த்துக்கொண்டிருந்தாள். கற்றறிந்தோரே, அவ்விடத்தையும் அப்பொழுதையும் சற்றே நின்று நோக்குங்கள். மேற்றிசையில் ஞாயிறு, சூளையிலிருந்து அப்போதுதான் இறக்கிய செங்கல்லைப் போல் ஆறாத சூட்டோடு சிவந்து அமர்ந்திருந்தது. ஊர் தன் கடைசித் தெருவை நீட்டி, அதற்கப்பால் செய்வதறியாது நின்றுவிட்ட அவ்விளிம்பிலே, பாதி எழுந்த சுவர்களும், பூச்சுக் காணாத மாடங்களும், துருவேறிய கம்பிகளை வான்நோக்கி நீட்டிய தூண்களும், எலும்பு தெரியப் படுத்திருக்கும் மாட்டு மந்தையெனப் பரந்து கிடந்தன. பணி விட்டுத் திரும்புவோரின் மிதிவண்டிகளில் தொங்கிய வெற்று உணவுக் கலங்கள் கலகலவென்று ஒலித்து, இன்றைக்கு இவ்வளவே, இன்றைக்கு இவ்வளவே என்று தெருவெங்கும் பறைசாற்றிச் சென்றன. அவளுக்கோ இன்றைக்கு இவ்வளவே என்று சொல்வார் ஒருவருமில்லை. பகலெல்லாம் பிறர் சுவருக்குச் சாந்து சுமந்த தலை, பொழுது சாய்ந்தபின் தன் சுவருக்குத் தண்ணீர் சுமந்தது.

பணியிடங்களில் அவளுக்குச் சும்மாடு என்று பெயர். சுமை உச்சியை அறுக்காதிருக்கத் துணியைச் சுருட்டித் தலைமேல் வைக்கும் அணைதான் சும்மாடு. பிறரெல்லாம் சுமை இறங்கியதும் அதனை உதறித் தோளில் போட்டுக்கொள்ள, இவளோ உண்ணும்போதும் அதனை எடுக்க மறந்திருப்பாள் என்பதால் வந்த பெயர். அவள் கணவன் கொத்தன். அவன் எழுப்பிய சுவரில் எறும்பு ஏறினாலும் நேர்கோட்டில்தான் ஏறும் என்று உடன்பணியாளர் சொல்லிச் சிரிப்பர். இவ்விருவரும் மணந்த நாள்தொட்டு, தமக்கென ஒரு வீட்டில் குடியிருந்ததில்லை. வீடில்லாமலும் இருந்ததில்லை. பிறருக்காகக் கட்டும் வீட்டிலேயே, மேற்கூரை அமைந்த அன்று புகுந்து, கம்பிக்கும், சாந்து குழைக்கும் பைஞ்சுதைப் பைகளுக்கும் காவலாய்ப் பாய்விரித்துப் படுப்பது அவர்தம் வாழ்வுமுறையாக இருந்தது. பின்னாளில் கூடமாகப் போகும் இடத்தில் அவர்கள் மகள் தவழ்ந்தாள்; அடுக்களையாகப் போகும் இடத்தில் முதற்பல் கண்டாள்; மாடிப்படியாகப் போகும் சரிவில் விழுந்து நெற்றியில் தழும்பு பெற்றாள்.

அவ்வாழ்வுக்கு ஒரு வரம்பு இருந்தது. எழுதாத வரம்பு, எவரும் மீறாத வரம்பு. தலைவாயிலுக்குக் கதவு மாட்டும் நாள் எதுவோ, அதன் மறுநாள் விடியற்காலை அவர்கள் வெளியேற வேண்டும். புதுமரத்தின் மணமும், அதன்மேல் தேய்த்த எண்ணெயின் மணமும், மூடிய அறைக்குள் கலந்து மூக்கில் ஏறும்போதே அவள் கைகள் பாயைச் சுருட்டத் தொடங்கிவிடும். சிறுகலத்தைப் பெருங்கலத்துள் இட்டு, பெருங்கலத்தைத் துணியில் முடிந்து, தெருவில் நின்று, வீட்டுக்குரியவர் வந்ததும் திறவுகோலை ஒப்படைப்பாள். அவரும் அவர்கள் கண்முன்னேயே பூட்டித் திறந்து பூட்டிப் பார்த்துவிட்டுத்தான் தலையசைப்பார். அந்தப் பூட்டின் ஒலி முதுகில் விழ நடந்து, அடுத்த கதவில்லா வீட்டை அடைவர்.

இத்தகையோர் தமக்கென ஒரு துண்டு நிலம் வாங்கி வீடெடுக்கத் துணிந்தது, கழுத்தளவு நீரில் நிற்பவன் முத்தெடுக்கத் துணிந்தது போலாகும். மழைநீர் தேங்கிக் கிடந்த பள்ளம் அது. ஓய்வுநாள் தோறும் வந்து, ஊரார் கழித்த உடைகற்களைக் கொட்டி அதை மேடாக்கினர். கடைக்கால் தோண்டியபோது மண் சேறாய்ச் சரிய, தோண்டியதையே மறுபடி தோண்டினர். சுவர் இடுப்பளவு எழுந்து, கைப்பொருளின்றி நின்று, ஒரு மழைக்காலம் முழுதும் அக்கம்பக்கத்தார் துணி உலர்த்தவும் ஆடுகள் ஏறி உலகைப் பார்க்கவும் பயன்பட்டது. பின்னர்க் காற்று நுழையக் காலதர்கள் எழுந்தன; வாயிலுக்கு மரநிலை நின்றது; உடன்பணியாளர் எல்லாரும் கூலியின்றி வந்து, பாட்டும் வசவுமாய்க் கைம்மாற்றிச் சட்டி ஏற்றி, ஒரே பகலில் கற்காரைக் கூரையை வார்த்துக் கொடுத்தனர். முட்டுக்கம்புகளைப் பிடுங்கிய நாளில், கூரை இறங்கிவிடுமோ என்று கொத்தன் அதன் நடுவே தானே போய் நின்றான். இறங்கினால் தன்மேல் இறங்கட்டும் என்று. இறங்கவில்லை. அன்றே குடிபுகுந்தனர். தரை பாவினான்; உள்ளும் புறமும் பூசினான்.

அதன்பின் நின்றது, கற்றறிந்தோரே, அங்கேதான் எல்லாம் நின்றது. கதவொன்றே எஞ்சியது. நிலையில் பைஞ்சுதைக் கோணிகள் நான்கைத் தைத்துத் தொங்கவிட்ட திரையே கதவாக ஆடிக்கொண்டிருக்க, கொத்தன் பூசிய சுவரை உதிர்த்துப் பூசினான். பாவிய தரையைப் பெயர்த்துப் பாவினான். மகளோ, தையற்கூடம் ஒன்றில் பணிபுரிந்து, அதன் விடுதியில் எண்மரோடு ஓரறையில் முடங்கிக் கிடந்தாள். பிறர் வீடுகளில் கோணித்திரைக்குப் பின்னே அஞ்சி அஞ்சி உறங்கிய பெண் அவள். காற்றில் திரை அசையும்போதெல்லாம் எழுந்து அமர்ந்தவள். போகும்போது ஒரே சொல்தான் சொல்லிப் போனாள்: "கதவு மாட்டுங்க, அன்னிக்கு வரேன். சாக்குக்குப் பின்னாடி இனிமே என்னால படுக்க முடியாதும்மா."

அச்சொல்தான், மூன்றாம் முறை பூசிய அச்சுவருக்கு நீர் வார்க்கையில், அவள் பிடரியிலிருந்த எல்லாச் சுமைக்கும் மேற்சுமையாய் அழுத்திற்று.

"இந்தச் செவுத்துக்கு இன்னும் எத்தனை நாளைக்குங்க தண்ணி ஊத்தணும்?" என்று கேட்டாள்.

வாயில்நிலையருகே குந்தியிருந்த கொத்தன் திரும்பாமலே சொன்னான்: "ஒரு வாரம். அப்பறம் நிலையைச் சுத்தி ஒரு கை பாக்கணும். மேல ஒரு நூல் சாயுது."

"ஒரு நூல் சாஞ்சா கதவு விழுந்துருமா?"

"கதவு விழாது. கொத்தனார் வீட்டைப் பாருன்னு நாலு பேரு சிரிப்பான்."

"இப்ப மட்டும் என்ன, மாலையா போடறான்? சாக்கு தொங்கற வீடுன்னுதான் இந்தத் தெருவுக்கே அடையாளம் சொல்றான்."

அவன் கரணையால் தரையைச் சுரண்டினான். "மரமும் இன்னும் காயலையாம். தச்சர் சொன்னாரு. பச்சை மரத்தை மாட்டுனா முறுக்கிக்கும்."

 வெற்றுக் குடத்தைக் கவிழ்த்து வைத்தாள், அவ்வோசையே மறுமொழியாயிற்று.

மறுநாள் ஓய்வுநாள். கொத்தன், தெரிந்தவர் வீட்டு ஒழுகும் கூரையைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லிக் காலையிலேயே போய்விட, அவள் தச்சன் வீட்டுக்கு நடந்தாள். அவ்வீடு தாழ்ந்த தெருவில், வெள்ளத்துக்கு அஞ்சி இடுப்பளவு உயர்த்திய அடித்தளத்தின்மேல் நின்றது. வாயில் இருந்தது, வாயிலுக்குக் கதவும் இருந்தது, ஏறிச் செல்லப் படி மட்டும் இல்லை. படியிருக்க வேண்டிய இடத்தில் ஒரு மரப்பெட்டி கவிழ்ந்து கிடந்தது. தச்சன் மனைவி, வீங்கிய முழங்காலொன்றை வாயிற்கட்டையில் ஊன்றி, மற்றைக் காலால் அப்பெட்டியைக் காற்றில் துழாவித் துழாவித் தேடி, கையிலிருந்த வாளி தளும்ப இறங்கிக்கொண்டிருந்தாள். தச்சன் கதவு செய்து தருவது, கொத்தன் படி கட்டித் தருவது என்பதே இரு வீட்டாரும் கைதட்டிப் பேசிக்கொண்ட மாற்று.

"வா தங்கச்சி," என்றான் தச்சன், பட்டறையில் இழைப்புளியை நிறுத்தி. "உன் கதவு உள்ள குடித்தனம் பண்ணுது, பாரு. வாடகைதான் தரமாட்டேங்குது."

"மரம் காஞ்சிருச்சாண்ணே?"

"காயறதா? போன கோடையிலயே காஞ்சு விறகாயிருச்சு. உங்க செவுருதான் காயலைன்னு உன் வீட்டுக்காரன் சொன்னான்."

அவள் வாய்மேல் கைவைத்தாள். "எங்கிட்ட மரம் காயலைன்னு சொன்னாருண்ணே."

தச்சன் வயிறு குலுங்கச் சிரித்தான். "இங்க வந்தா செவுரு ஈரம், அங்க வந்தா மரம் ஈரமா? நல்ல மனுஷன்! ஊரையே நனைச்சு வச்சிருக்கானே."

அவளால் சிரிக்க இயலவில்லை. பட்டறையின் மூலையில் சாய்ந்து நின்ற அக்கதவைத் தொட்டாள். இழைத்து இழைத்து நீர்ப்பரப்பெனத் தெளிந்திருந்தது; பூட்டும் பொருத்தி, திறவுகோலை நூலில் கோத்துக் கைப்பிடியில் கட்டியிருந்தான். "குடுங்கண்ணே, நான் எடுத்துட்டுப் போறேன். என் பொண்ணு வரணும். படியைத்தான் இன்னும் கட்டித் தரல. அதைக் கேக்காதீங்க."

"படி கெடக்கட்டும், அவசரமா?"

"கெடக்கட்டுமா?" என்று வெளியிலிருந்து வந்தது தச்சன் மனைவியின் குரல். "பொட்டி மேல ஏறி எறங்கறது நீயா, நானா? என்னைக்காவது ஒருநாள் நான் எறங்க, பொட்டி வேற பக்கம் போகப்போகுது." பின்னர், அவளே உள்ளே எட்டிப்பார்த்து, தாழ்ந்த குரலில், "நீ எடுத்துட்டுப் போம்மா. வயசுப் பொண்ணு, கதவுக்குள்ள படுக்கட்டும்," என்றாள்.

"கதவு மாட்டின மறுநாள் உங்களுக்குப் படி, அண்ணி. இது என் வார்த்தை."

இவ்வாறு, தன் வீட்டுக் கதவைத் தன் தலைமேலேயே சுமந்து வரும் பேறு அவளுக்கு வாய்த்தது. முன்னே அவள் தலையில் சும்மாடு, பின்னே தச்சன் தலையில் மடித்த துணி. இடையே வானத்தை மறைத்துப் படுத்திருந்த கதவு. எத்தனையோ வீடுகளின் மணலையும் கல்லையும் தாங்கித் தாங்கி எலும்புக்குள் மரத்துப்போன கழுத்து, அப்பளுவின்கீழ் நெரிந்து எரிந்தது. நடைக்கு நடை முள்மரம் வேரைத் திருகிற்று. தெருவோரம் அமர்ந்திருந்த ஒருவன், "என்னக்கா, கதவு தெறந்திருக்கா, மூடியிருக்கா?" என்று கேட்க, "உள்ள வர்றதுன்னா தட்டிட்டு வாடா," என்று பின்னிருந்து தச்சன் விடையிறுத்தான்.  கதவின் நிழல் அவளோடு கூடவே நடந்தது. அவள் வாழ்நாளில் அவளுக்கென்று விழுந்த முதல் நிழல் அதுதான்.

நண்பகல் கழிந்து திரும்பிய கொத்தன், சுவரில் சாய்ந்து நின்ற கதவைக் கண்டு, தெருவிலேயே நின்றுவிட்டான்.

"யாரு கொண்டாந்தது?"

"கால் மொளைச்சு அதுவே வந்துது," என்றாள் அவள். "செவுரும் காஞ்சிருச்சாம், மரமும் காஞ்சிருச்சாம். ரெண்டும் பேசி வச்சுக்கிச்சு."

தச்சன் சிரிக்கவில்லை, தோழனின் முகத்தைப் பார்த்தபின் அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. "நூலைத் தொங்க விடப்பா," என்று மட்டும் சொன்னான். "சாஞ்சா நானே திரும்பத் தூக்கிட்டுப் போறேன்."

கொத்தன் தூக்குக்குண்டை எடுத்தான். நிலையின் உச்சியில் நூலைப் பிடித்துக் குண்டை இறக்க, அது ஆடி, ஆட்டம் குறைந்து, அடங்கி, நின்றது. மூவரும் குனிந்து நோக்கினர். மேலுக்கும் கீழுக்கும் மயிரிழை வேற்றுமையில்லை. மருத்துவன் வாயிலிருந்து தீய செய்தி கேட்டவனைப் போல அவன் மெல்ல நிமிர்ந்து, "சரியாத்தான் இருக்கு," என்றான்.

"அப்ப எதுக்குங்க இத்தனை நாளா..." என்று தொடங்கியவள், அவன் கண்களைக் கண்டு நிறுத்தினாள். அவற்றில் சினமில்லை, சோம்பலுமில்லை; விழைந்த பொருளைக் கைநீட்டி எடுக்கத் தெரியாதவனின் திகைப்பே இருந்தது.

"தெரியல," என்றான் அவன். "முடிஞ்சிட்டா என்ன பண்றதுன்னு தெரியல."

கீல்களை முடுக்கினர். கோணித்திரை இறங்கிற்று. கதவு தன் அச்சில் ஓசையின்றித் திரும்பி நிலையில் பொருந்தி அமர்ந்தது. தச்சன் எண்ணெய் தேய்த்துக் கையைத் துடைத்துக்கொண்டு, திறவுகோலை அவள் உள்ளங்கையில் வைத்துவிட்டுப் போனான். அவள் மகளுக்குத் தொலைபேசியில் செய்தி சொன்னாள். காலையில் வருவதாக விடை வந்தது. அன்றிரவு கதவைச் சாத்திப் படுத்தபோது, தெருவின் ஒலிகளெல்லாம் எங்கோ போய் மறைய, "உள்ள ரொம்பச் சத்தமில்லாம இருக்கே," என்றான் கொத்தன். "தூங்குங்க," என்றாள் அவள். இருவர் உடலும் களைப்பில் அடித்துப்போட்ட துணிபோல் கிடந்தன.

இனி நிகழ்ந்ததைக் கேட்டு நீவிர் நகைக்கலாம். நகைத்தபின் சற்றே எண்ணுங்கள். விடிவதற்குச் சிறுபொழுதிருக்க, அவள் மூக்கில் புதுமரத்தின் மணமும் எண்ணெயின் மணமும் ஏறின. மூடிய அறை; புது மணம். கண் விழிக்கு முன்னே கைகள் விழித்தன. பாயைச் சுருட்டின, சிறுகலத்தைப் பெருங்கலத்துள் இட்டன, பெருங்கலத்தைத் துணியில் முடிந்தன. அவ்வோசை கேட்டு எழுந்த கொத்தனும், ஒரு சொல்லும் வினவாமல், கரணையையும் மட்டப்பலகையையும் தூக்குக்குண்டையும் பையிலிட்டுத் தோளில் மாட்டினான். அவள் எடுக்கிறாள் ஆதலின் அவன் எடுத்தான். அவன் எடுக்கிறான் ஆதலின் அவள் ஐயுறவில்லை. வெளியே வந்து கதவைப் பூட்டினாள். ஒருமுறை இழுத்துப் பார்த்தாள். முன்னும் பின்னுமாய், அரைத்துயிலில், பழகிய மாடுகள் நுகமின்றியும் வரிசையில் நடப்பதுபோல் தெருவில் நடந்தனர்.

தெருமுனையில், தகரப் பெட்டியொன்றை இடுப்பில் ஏந்தி எதிரே வந்தாள் மகள். நின்றாள். தாயின் தலையிலிருந்த மூட்டையையும், தந்தையின் தோளிலிருந்த பையையும், அக்குளில் செருகிய பாயையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எங்கம்மா கெளம்பிட்டீங்க, ரெண்டு பேரும்?"

"வேலை முடிஞ்சுதும்மா," என்றான் தந்தை.

"எங்க வேலை?"

அவன் விடைசொல்ல வாய்திறந்து, திரும்பி, தாங்கள் பூட்டி வந்த வீட்டைப் பார்த்தான்.  தாயின் கை, திறவுகோலை இறுகப் பற்றியபடி, எவர்க்கோ கொடுப்பதுபோல் முன்னே நீண்டிருந்தது.

"சாவிய யார்கிட்ட குடுக்கறதுன்னுதான் பாத்துட்டு நிக்கறேன்," என்றாள், தனக்கே சொல்பவள் போல. சொல்லி முடித்தபின்தான் சொன்னது அவளுக்குக் கேட்டது. தலைமேல் மூட்டை ஆடிற்று.

மகள் நகைக்கவில்லை. பிறந்தநாள் தொட்டு அவ்விருவர் பின்னே அதே மூட்டையோடு நடந்தவளுக்கு அதில் நகைக்க ஒன்றுமில்லை. பெட்டியை மண்ணில் இறக்கிவைத்துக் கையை நீட்டினாள்.

"எங்கிட்ட குடு."

தாய் கொடுத்தாள். மூவரும் திரும்பி நடந்தனர். வாயிலில் மகள் திறவுகோலை நுழைத்துத் திருக, தாயும் தந்தையும் பழகிய முறையில் ஓரடி பின்வாங்கி, பூட்டு இணங்குகிறதா என்று பார்த்து நின்றனர். இணங்கிற்று. மகள் உள்ளே போய்க் கூடத்தின் நடுவில் நின்று, கூரையைப் பார்த்து, தரையைப் பார்த்து, வெளியே நின்றவர்களைப் பார்த்தாள்.

"என்ன நிக்கறீங்க? உள்ள வாங்க. வீட்டுக்காரி கூப்பிடறேன்ல?"

புகுந்தனர். தாய் தலையிலிருந்து மூட்டையை இறக்கினாள். அதன்பின், எவரும் சொல்லாமலே, சும்மாட்டையும் எடுத்துத் தரையில் வைத்தாள். கொத்தன், மூன்று முறை பூசிய அச்சுவரருகே குந்தி, அழுக்குப் படியுமே என்று ஒரு நொடி தயங்கி, பின் முதுகை அதன்மேல் சாய்த்தான். எந்த வீட்டின் பூசி முடித்த சுவரிலும் அவன் அதுவரை சாய்ந்ததில்லை.

"அண்ணிக்கு வாக்குக் குடுத்துட்டு வந்தேங்க," என்றாள் அவள், கண்மூடியபடி. "கதவு மாட்டின மறுநாள் படின்னு."

"மறுநாள்னா இன்னிக்குத்தான்."

"ஆமா."

"கொஞ்சம் சாஞ்சுட்டுப் போறேன்."

அவன் சாய்ந்தவன் எழவில்லை, அவளும் எழுப்பவில்லை. மகள் எழுந்து கதவைச் சாத்தித் தாழிட்டு வந்து, இருவருக்கும் இடையே படுத்தாள். காற்று வீசிற்று, எதுவும் அசையவில்லை. அன்றைப் பகல் முழுதும் மூவரும் உறங்கினர். அடுத்த விடியலில் பிறர் சுவர்கள் அழைத்தன. அதற்கடுத்த ஓய்வுநாளை உடல்நோவு தின்றது. அதற்கும் அடுத்ததை மழை கொண்டது. கட்டுவோர் வாழ்வில், கற்றறிந்தோரே, ஒரு வாயில் அடைபடும்போது வேறொரு வாயில் திறந்தே கிடக்கிறது. ஒருவர் உறங்கும் உறக்கத்தின் விலையை மற்றொருவர் முழங்கால் செலுத்திக்கொண்டிருக்கிறது. தாழ்ந்த தெருவில், வீங்கிய காலொன்று இன்றும் காற்றில் மரப்பெட்டியைத் துழாவி இறங்குகிறது. கதவு வந்துவிட்டது, அதற்கு மாற்று இன்னும் போகவில்லை. தச்சன் வீட்டு வாயிலுக்கு நான்கு படிகள்: அவர்கள் தரவேண்டிய கடன் அது.